சிம் கார்டுக்கு ஒரு சத்தியம்

லண்டனில் விமானம் ஏறிய அன்று காலை 2 டிகிரி. துபாய் வழியாகத் தென்னாப்பிரிக்காவில் என் சொந்த ஊரான டர்பனில் வந்து இறங்கியபோது 31. கடிகாரத்தில் வித்தியாசம் 2 மணி நேரம்தான், தூக்கம் கெடாது என்று கணக்குப் போட்டிருந்தேன். ஜனவரியில் இங்கே 5 மணிக்கெல்லாம் விடிந்துவிடும் என்பது மறந்தே போச்சு. கூரைமேல் ஹடீடாப் பறவைகள் போட்ட கூச்சலில் எழுந்து உட்கார்ந்தால், கடை திறக்க இன்னும் நாலு மணி நேரம்.

கடை என்றால் சிம் கார்டுக் கடை. கடலில் குளித்ததும், சாலையோரத்தில் கடைசி லிச்சிக் கொத்து வாங்கியதும் அப்புறம் நடந்தவை. அதிலெல்லாம் குறை ஒன்றும் இல்லை. முதல் இரண்டு நாளைத் தின்றது சிம் கார்டுதான்.

முன்பெல்லாம் நான் வரும்போது அம்மா ஒரு சிம்மைத் தன் பெயரில் பதிந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்திருப்பாள். அதனால் சிம்மைப் பெயர், விலாசத்தோடு பதியச் சொல்லும் இந்த ரீக்கா சட்ட விவகாரம் என் தலையில் விழுந்ததே இல்லை. நான் ஊரைவிட்டுப் போன 2006இல் சிம் கார்டை மிட்டாய் மாதிரி வாங்கலாம். 2009இலிருந்து அடையாள அட்டையும் விலாசச் சான்றும் வேண்டும். இப்போது அம்மா இல்லை, வீட்டையும் விற்றாயிற்று. டர்பனில் இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில், பழைய பக்கத்து வீட்டு ஆன்டியின் அவுட்பில்டிங்கில், அதாவது வீட்டை ஒட்டிய தனி அறையில், தங்கியிருந்தேன்.

ஏர்போர்ட்டிலேயே வாங்கியிருக்கலாம். வரிசையைப் பார்த்து, "நம்ம ஊர்தானே, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று வந்துவிட்டேன்.

கடைப் பையன் என் பச்சை ஐடி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தான். அப்புறம் மூன்று மாதத்துக்குள் வந்த பில் கேட்டான். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டையும் ஹோட்டல் ரசீதையும் நீட்டினால் வேலை அப்போதே முடிந்திருக்குமாம். ஹோட்டலில் தங்காமல் சொந்த ஊரில் தெரிந்தவர் வீட்டில் தங்கியது என் குற்றம். லண்டன் ஈஸ்ட்ஹாமில் சிம் வாங்கினால் பெயர்கூடக் கேட்க மாட்டார்கள்.

திரும்பி வந்து ஆன்டியிடம் தண்ணீர் பில் வாங்கிக்கொண்டு போனேன். அதில் அங்கிளின் பெயர் இருந்தது. அங்கிள் போய்ப் பதினோரு வருஷம். பையன் பில்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இவரையே வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் சார்" என்றான். வரமாட்டார் என்றேன்.

இரண்டு நடைக்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. லண்டனில் போட்ட கனத்த ஜீன்ஸும் கம்பளிக் காலுறையும்தான் இன்னும் உடம்பில். கோடைத் துணி பெட்டியின் அடியில் கிடந்தது. டர்பன் வெயில் சுடுவதைவிடப் பிழிவதுதான் அதிகம்.

ஆன்டிதான் வழி சொன்னார். "போலீஸ் ஸ்டேஷனுக்குப் போ தம்பி. இந்த விலாசத்தில்தான் இருக்கேன்னு சத்தியம் பண்ணி அஃபிடவிட் எழுதிக்கோ, காசு கிடையாது." நானும் கூடவே வருகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டார். எழுபத்தாறு வயது.

மறுநாள் காலை போனோம். மூலையில் ஒரு மின்விசிறி, அதன் காற்று எங்கள் பெஞ்சைத் தவிர எல்லாப் பக்கமும் போனது. படிவத்தில் விலாசம் எழுதும் இடத்தில் கொஞ்சம் நின்றேன். 1960களில் நிறவெறி அரசு இந்தியர்களைச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து கொட்டியபோது தெருவுக்குப் பெயர் வைக்கவில்லை, எண்தான் கொடுத்தார்கள். ஆன்டி இன்னும் அந்தப் பழைய எண்ணைத்தான் சொன்னார். 1860இல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் இங்கே வந்த ஒப்பந்தக் கூலிகளையும் ஆளுக்கு ஓர் எண் போட்டுத்தான் பதிந்தார்கள். பரம்பரை வழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

கையெழுத்துப் போடும்போது நெற்றியிலிருந்து ஒரு சொட்டு சரியாக என் பெயர்மேல் விழுந்தது. மை பரவிவிட்டது. கவுண்டரில் இருந்த ஜூலு கான்ஸ்டபிள் அம்மா சிரிக்கவில்லை. புதுப் படிவம் தந்தார், கூடவே முகம் துடைக்க டிஷ்யூவும். மறுபடி எழுதினேன். எழுதியது புரிகிறதா, சத்தியம் செய்ய ஆட்சேபம் உண்டா, அது உன் மனசாட்சியைக் கட்டுப்படுத்துமா என்று மூன்று கேள்வி. மூன்றுக்கும் பதில் சொன்னதும் முத்திரை. மொத்தம் இருபது நிமிஷம், செலவு பூஜ்யம். லண்டனில் சொலிசிட்டரிடம் போனால் இதற்கு 5 பவுண்ட், இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இன்னும் 2 பவுண்ட். அந்த முகம் துடைக்கும் டிஷ்யூ மட்டும் கிடைக்காது.

இந்த நாட்டில் எதுவும் நடக்காது என்று இருபது வருஷமாக ஈஸ்ட்ஹாம் டீக்கடையில் பேசிக்கொண்டிருப்பவன் நான். அந்த வெயிலில் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றபோது என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆன்டிக்கு ஒரு கோக் வாங்கிக் கொடுத்தேன்.

கடைப் பையன் அஃபிடவிட்டைப் படிக்கக்கூட இல்லை. ஒரு ஃபோட்டோ எடுத்தான், சிம்மைக் கொடுத்தான். முதல் அழைப்பு மறுநாள் காலை 7 மணிக்கு வந்தது. யாரோ ஒரு மிஸஸ் நாயுடு இருக்கிறாரா, சாவு இன்ஷூரன்ஸுக்கு இரண்டு மாதப் பாக்கி இருக்கிறது என்றார்கள். அவர் நான் இல்லை, எண் புதிது என்றேன். "சரி சார், அப்படியானால் அவருடைய இப்போதைய விலாசம் தெரியுமா?" என்று கேட்டார்கள்.