அரூபா இன்ஸ்டன்ட் வைஃபை: கட்டளை வரியில் நிர்வகித்த அனுபவம்

பல மாடிகள் கொண்ட ஒரு கல்லூரி விடுதியில் அரூபா நிறுவனத்தின் 'இன்ஸ்டன்ட்' வகை அணுகல் புள்ளிகளை (வைஃபை அலையைப் பரப்பும் கருவிகளை) ஒரே குழுவாக இணைத்து, அன்றாட நிர்வாகத்தின் பெரும்பகுதியைப் பல ஆண்டுகளாகக் கட்டளை வரியிலேயே (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையிலேயே) செய்து வருகிறேன். இந்த ஏற்பாட்டில் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் தனிக் கன்ட்ரோலர் பெட்டி கிடையாது. ஒரே விலானில் (பிணையத்தின் ஒரு தனிப் பிரிவில்) உள்ள அணுகல் புள்ளிகள் ஒன்றையொன்று கண்டறிந்து, தமக்குள் ஒன்றை விர்ச்சுவல் கன்ட்ரோலராக, அதாவது குழுவின் தலைமையாகத் தேர்ந்துகொள்கின்றன. அது நின்றுபோனால் வேறொன்று அந்தப் பொறுப்பை ஏற்கிறது. எனவே விர்ச்சுவல் கன்ட்ரோலருக்கென ஒரு நிலையான ஐபி முகவரியைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிட வேண்டும். தலைமை எந்த மாடிக்கு மாறினாலும் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக அதே முகவரியில் நுழையலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது, மாற்றங்கள் உடனே பாய்ந்துவிடாமல் காத்திருப்பதுதான். அமைப்பு நிலையில் தட்டச்சு செய்தவற்றை 'ஷோ அன்கமிட்டட் கன்ஃபிக்' என்று பார்த்து, சரியாக இருந்தால் 'கமிட் அப்ளை', இல்லையென்றால் 'கமிட் ரிவர்ட்' கொடுக்கலாம். நூற்றுக்கணக்கான மாணவர்கள் இணைந்திருக்கும் நேரத்தில் இந்த இடைவெளி பெரிய பாதுகாப்பு.

ஆனால் புதிதாக வருபவர்கள் முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது வேறொன்று: நாம் செய்யும் அமைப்பு மாற்றங்கள் குழு முழுவதற்கும் பொது, பழுதைக் காட்டும் சான்றுகளோ அந்தந்த அணுகல் புள்ளியிலேயே இருக்கின்றன. 'ஷோ ஏபிஸ்', 'ஷோ கிளையண்ட்ஸ்' ஆகியவற்றைத் தலைமையில் கேட்டால் குழு முழுவதன் நிலை தெரியும். ஒரு கைபேசி ஏன் துண்டிக்கப்பட்டது என்று அறிய, அது இணைந்திருந்த அணுகல் புள்ளிக்குள்ளேயே நுழைந்து 'ஷோ ஏபி டீபக் எம்ஜிஎம்டி-ஃப்ரேம்ஸ்' பார்க்க வேண்டும்.

மேல்மாடியின் ஒரு பகுதியில் மட்டும் இணைப்பு அவ்வப்போது அறுந்துகொண்டிருந்தபோது, நிர்வாக இணையப் பக்கத்தில் எல்லாம் பச்சையாகவே தெரிந்தது. அந்த அணுகல் புள்ளியில் 'ஷோ ஏபி ஆர்ம் ஹிஸ்டரி' (ஆர்ம் என்பது சேனலைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதி) கொடுத்ததும், 5 கிகாஹெர்ட்ஸ் சேனல் திரும்பத் திரும்ப மாறியிருப்பதும், காரணப் பத்தியில் ரேடார் என்பதற்கான குறியும் தெரிந்தன. 52 முதல் 144 வரையிலான சேனல்களில் ரேடார் அலை உணரப்பட்டால், கருவி அந்தச் சேனலை விட்டு விலகி, 30 நிமிடங்களுக்கு அங்கே திரும்பக் கூடாது என்பது விதி. ஆர்ம் பிரிவின் சேனல் பட்டியலை 36 முதல் 48 வரையும் 149க்கு மேலும் உள்ளவையாகக் குறுக்கிய பின், அந்தப் பகுதியிலிருந்து புகார் வருவது நின்றது. பயன்படுத்தும் சேனல்கள் குறைந்ததால் பக்கத்து அறைகளுக்கிடையே நெரிசல் சற்றுக் கூடியது உண்மைதான். துண்டிப்பைவிட அது மேல் என்றே கருதுகிறேன்.

மின்சாரம் போய் வந்தால் அணுகல் புள்ளியில் உள்ள பதிவுகள் அழிந்துவிடும். ஆகவே பதிவுகளை வெளியே சேமிக்கும் சிஸ்லாக் சேவையகத்தையும் நேர ஒத்திசைவையும் முதல் நாளே அமைத்துவிடுங்கள். ஒவ்வொரு அணுகல் புள்ளியிலும் இரவில் நுழைந்து ஆர்ம் வரலாற்றைக் கோப்பில் சேமிக்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றையும் நான் இயக்கி வருகிறேன். புகார் வரும்போது முதலில் திறப்பது அந்தக் கோப்பைத்தான்.