சில்வர் கிளவுட் 1: மினுக்கத்துக்கு முழுப் புள்ளி, தண்ணீருக்குப் பூச்சியம்

கொழும்பு கிளாசிக் கார் கண்காட்சியில் கூட்டம் விலகாமல் நின்றது ரோல்ஸ் ரோய்ஸ் சில்வர் கிளவுட் 1 அருகில்தான். 1955 முதல் 1959 வரை வந்த மொடல். நம் வீதிகளில் காண்பது மிக அரிது. ரோல்ஸ் ரோய்ஸ் வடிவமைப்பாளர் ஜோன் பிளாட்ச்லி வரைந்த உடலில் இன்றும் கண்ணை உறுத்தும் ஒரு கோடு இல்லை. 5.38 மீற்றர் நீளம், இரண்டு தொன்னுக்குச் சற்றுக் குறைந்த எடை. அத்தனை பெரிய வண்டி என்பது பக்கத்தில் போய் நின்றால்தான் தெரியும்.

பெயின்ட் வேலை முதல்தரம். கதவுகள், பொனட், டிக்கி மூடி எல்லாம் அலுமினியக் கலவை; மற்றதெல்லாம் இரும்பு. இரண்டும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெண்பொடியாகி, பெயின்ட் கொப்புளிக்கும். கதவின் கீழ் விளிம்பை விரலால் தடவினாலே பிடிபடும். இந்தக் காரில் ஒரு கொப்புளமும் இல்லை. காலி வீதிப் பக்கத்துக் கடற்காற்றை நினைத்தால் இது பெரிய விஷயம். இதைச் செய்த கைக்கு மனமாரப் பாராட்டு.

பொனட்டுக்குள்ளேதான் மனவருத்தம். 4,887 சீசீ, ஆறு சிலிண்டர், பெற்றோலையும் காற்றையும் கலக்கும் எஸ்யூ கார்பரேட்டர் இரண்டு. வெளியே துடைத்து வைத்த வெள்ளிப் பாத்திரம்போல் இருக்கிறது. முன்னால் சிறகுச் சிலை நிற்கும் ரேடியேட்டர் மூடி அலங்காரம்தான், தண்ணீர் ஊற்றும் மூடி பொனட்டுக்குள் இருக்கிறது. அதைத் திறந்தால் பிளேன்ரீ நிறத்தில் வெறும் தண்ணீர்! "இங்கே பனியா பெய்கிறது, கூலன்ட் எதற்கு?" என்பது நம் கராஜ்களில் ஊறிப்போன பேச்சு. கூலன்ட் என்பது எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரில் கலக்கும் திரவம். அந்தத் தண்ணீரை உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. துருவைத் தடுப்பது இன்னொன்று. இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் வார்ப்பிரும்பு, அதை மேலே மூடும் ஹெட் அலுமினியம். இரண்டு உலோகத்துக்கும் இடையில் வெறும் தண்ணீர் நின்றால் பற்றரிக்குள் நடப்பதே இங்கும் நடக்கும், ஒன்று கரையும். கரைவது அலுமினியம். ஹெட்டின் நீர்த்துவாரங்கள் அரிக்கப்பட்டு, இரண்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கட் பிடிமானம் இழக்கும். துருச்சேறு பிளாக்கின் பின்பக்கம் படியும். மருதானை நெரிசலில் பத்து நிமிடம் நின்றால் பின் சிலிண்டர்கள் கொதிக்கும், வெப்ப மீற்றர் முள்ளோ சாதாரணமாகவே காட்டும்.

சரிசெய்வது கடினமல்ல. ரேடியேட்டரோடு நிறுத்தாமல் பிளாக்கின் வடிகாலையும் திறந்து, தெளிந்த நீர் வரும்வரை கழுவ வேண்டும். பிறகு அலுமினியத்துக்கு ஏற்ற கூலன்ட்டைக் காய்ச்சி வடித்த நீரோடு பாதிக்குப் பாதி ஊற்றி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது.

டாஷ்போர்டின் கீழே ஒரு சின்னப் பெடல். மிதித்தால் முன் சஸ்பென்ஷனுக்கும் ஸ்டீயரிங் மூட்டுகளுக்கும் எண்ணெய் போகும். காலை எடுத்ததும் அது ஆறுதலாக எழும்ப வேண்டும். சட்டென்று எழும்பினால் எண்ணெய் டாங்கி காலி அல்லது குழாய் உடைந்திருக்கிறது. எழும்பாவிட்டால் வடிகட்டி அடைத்திருக்கிறது. இந்தக் காரில் ஆறுதலாகவே எழும்பியது.

பிரேக் மிதிக்கும் காலுக்கு வலுச் சேர்க்கும் கருவியான சர்வோவைச் சுழற்றுவது கியர்பொக்ஸ். வண்டி ஊர்ந்தால் அந்த உதவியும் குறையும். ஆகவே ஊர்ந்து பின்னுக்கு எடுக்கும்போது பெடல் இறுகினால் பயப்படத் தேவையில்லை. முன்னுக்கு ஓடும்போதும் அதே இறுக்கம் இருந்தால் சர்வோ லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கலாம், கழற்றிப் பார்க்க வேண்டும்.

உள்ளே வால்நட் வெனீர் எனும் மெல்லிய மரத்தகடு ஒரு மூலையில் நகக்கண் அளவுக்கு எழும்பத் தொடங்கியிருக்கிறது. காரைப் பின்னேர வெயிலுக்கு முகம் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். பத்தடி தள்ளிக் கூடாரம் இருந்தது. ஏற்பாட்டாளர்கள் அதற்குள் விட்டிருக்கலாம்.