பிளான் சரிபார்க்கும் உவர்மலை ஐயா: உப்புவெளியில் வீடு திருத்துகிறவனின் அனுபவம்

கொன்ராக்ட் கொடுக்காமல் மேசனையும் ஓடாவியையும் நாட்சம்பளத்துக்குப் பிடித்து, பக்கத்தில் நின்று வேலை செய்விக்கிறவர்கள் திருகோணமலையில் நிறையப் பேர். நானும் அப்படித்தான். உங்களுக்குச் சொல்கிறேன், கட்டட அனுமதிக்காகப் பிரதேச சபைக்குப் பிளான் கொடுக்க முன்னர் அதை உவர்மலையில் இருக்கும் இந்த ஐயாவிடம் ஒருமுறை காட்டுங்கள். ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், வாசலில் பலகையும் கிடையாது, வாய்வழியாகத்தான் ஆட்கள் போகிறார்கள். பிளான் கீறித் தரமாட்டார். மற்றவர் கீறியதை வாங்கி, வளவுக்கு வந்து அளந்து, சட்டத்துக்கு எங்கே பொருந்தவில்லை என்று சொல்வது மட்டும்தான் அவர் வேலை. என்னிடம் 8,000 ரூபா வாங்கினார்.

எங்களுடையது உப்புவெளியில் 10 பேர்ச் காணி, அப்பா கட்டிய பழைய ஓட்டு வீடு. பின்னால் குசினியை நீட்டி, அம்மாவுக்கு ஓர் அறையும் குளியலறையும் போட்டு, முன்னால் சீற் போட்ட பத்தி, அதாவது திறந்த சாய்ப்பு, இறக்குவது திட்டம். பிளான் கீறியவர் ஒரு மாலை வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, நான் சொன்ன அளவுகளை எழுதிக்கொண்டு போனார். படம் அழகாகத்தான் இருந்தது.

ஐயா உறுதி, நில அளவைப் படம், சோலை வரி ரசீது மூன்றையும் முதலில் கேட்டார். அப்புறம் பின்பக்கம் போய் டேப்பைப் பிடிக்கச் சொன்னார். பிளானில் பின்னால் 8 அடி விட்டிருந்தோம், இரண்டு மாடிக்கு உட்பட்ட வீட்டுக்குப் பின்பக்கம் வேண்டியது 2.3 மீற்றர், அதாவது ஏழரை அடி, ஆகவே போதும் என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த 8 அடி மதிலிலிருந்து எடுத்த அளவு. நில அளவைப் படத்தின்படி எல்லைக்கல் மதிலுக்கு உட்பக்கம் இரண்டே முக்கால் அடி தள்ளி மண்ணுக்குள் கிடந்தது. உண்மையில் இருந்தது ஐந்தேகால் அடிதான். "தம்பி, இதைக் கீறினவர் உங்கட வளவுக்குள்ள கால் வச்சவரா?" என்று கேட்டார், எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. குசினியை இரண்டேகால் அடி குறைக்க வேண்டியதாயிற்று. அத்திவாரம் வெட்டிய பிறகு இது தெரிந்திருந்தால் கல்லும் சீமெந்தும் கூலியும் எல்லாம் மண்ணோடு போயிருக்கும்.

அம்மாவின் அறை பத்துக்குப் பன்னிரண்டு, 120 சதுர அடி. யன்னல் திறப்பு தரைப் பரப்பில் ஏழில் ஒரு பங்காவது வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார், ஏறக்குறைய 17 சதுர அடி வருகிறது. நாங்கள் வைத்திருந்தது நாலுக்கு மூன்று, வெறும் 12. அதைவிடப் பெரிய விஷயம், புதிய அறை வந்தால் நடு அறையின் ஒரே யன்னல் வெளியே பார்க்காமல் அந்த அறைக்குள் திறக்கும். இதை வீட்டில் நாங்கள் ஐந்து பேர் பார்த்தும் ஒருவரும் கவனிக்கவில்லை.

மலசலகூடக் குழி விஷயத்தில்தான் எனக்கு நெஞ்சு பதறியது. எங்கள் கிணற்றிலிருந்து 50 அடிக்கு மேல் தள்ளித்தான் குறித்திருந்தோம், அதில் பிழை இல்லை. ஐயா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, பக்கத்து வீட்டுக் கிணறு எங்கே என்று கேட்டார். அளந்தால் 38 அடி. எங்கள் பக்கம் மணல் நிலம், மாரியில் நீர்மட்டம் கைக்கெட்டும் ஆழத்துக்கு ஏறிவிடும், அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் அங்கே இரண்டு சின்னப்பிள்ளைகள் குடிக்கிறார்கள். குழியை முன்பக்கம் மாற்றினோம்.

பத்திக்கு மட்டும் அரை மணித்தியாலம் பேசியிருப்பார். மூன்று பக்கம் திறந்த பத்திக்குள் காற்று புகுந்தால் சீற்றைக் கீழிருந்து தூக்கும், அது பிடுங்கும்போது வீட்டுக் கூரையையும் சேர்த்து இழுக்கும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் கரையேறிய இரவை நினைத்துப் பாருங்கள் என்றார். பத்தியின் மரங்களை வீட்டுக் கூரையோடு பிணைக்காமல் தனியாக நிறுத்தி, தூண் வார்க்கும்போதே கம்பி விட்டு மரத்தை அதில் கட்டச் சொன்னார். பிளானில் கேட்காத விஷயம் இது, ஆனாலும் சொன்னார்.

கடலிலிருந்து 300 மீற்றருக்குள் இருக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அந்தப் பகுதி கரையோர வலயம், 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்துக்குள் வருகிறது. சபை அனுமதி தந்தால் போதும் என்று இருந்துவிடாமல் கரையோரம் பேணல் திணைக்களத்தில் முதலே கேளுங்கள் என்றார். எங்கள் வீடு கிட்டத்தட்ட 250 மீற்றர், எனவே போய்க் கேட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. 11 நாள் எடுத்தார், மாரிக்கு முன் கூரை ஏற்ற ஓடிக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய இழுவை. பென்சிலால் பிளானிலேயே குறித்துத் தருகிறார், எந்த ஒழுங்குவிதி என்று இலக்கம் எழுதுவதில்லை, கீறியவரிடம் திருத்தக் கொண்டுபோனபோது ஒவ்வொன்றையும் நானே விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. ஒரு தாளில் எழுதித் தந்தால் எவ்வளவோ உதவி. எதிர்காலத்தில் மேலே பிளாட் போட்டால் இந்தத் தூண்கள் தாங்குமா என்று கேட்டதற்கு, அது பொறியியலாளரின் வேலை, நான் சொல்லக்கூடாது என்று மறுத்துவிட்டார். அந்த நேரம் ஏமாற்றமாக இருந்தது, இப்போது அவர் சொன்னதுதான் நேர்மை என்று படுகிறது. இன்னொன்று, அவர் பார்த்துவிட்டால் அனுமதி கிடைத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் (பி.எச்.ஐ.) வந்து பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள், வேலை முடிந்த பிறகு, அனுமதித்த பிளான்படிதான் கட்டியிருக்கிறது என்ற இசைவுச் சான்றிதழும் எடுக்க வேண்டும்.

திருத்திய பிளானைக் கொடுத்தபோது மழைநீர் எங்கே போகிறது என்ற ஒரு கேள்வி மட்டும்தான் வந்தது. இப்போது சுவர் லின்டல் மட்டத்துக்கு வந்திருக்கிறது. கொங்கிரீற் போட முன்னர் கூப்பிடச் சொல்லியிருந்தார், போன சனிக்கிழமை வந்து கம்பிக்கும் பலகைக்கும் இடையில் விரலை விட்டுப் பார்த்தார். இரண்டு இடத்தில் கம்பி பலகையோடு ஒட்டிக்கிடந்தது. உப்புக்காற்றுக்கு இப்படி விட்டால் சில வருடத்தில் துருவேறி வெடிக்கும் என்று மேசனிடம் சொல்லி, சீமெந்துக் கட்டை வைத்துத் தூக்கிய பிறகுதான் போனார். அந்த வரவுக்குக் காசு வாங்கவில்லை, தேத்தண்ணி மட்டும் குடித்தார்.