கைநீளம் 2 சென்டிமீட்டர்: ரங்கூனில் ஒரு தையல்கடை

பலகை கிடையாது. காளி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒன்றில், பழைய நாலுமாடிக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில், ஆறடிக்கு நாலடி இடம். ஒரு மிதி மெஷின், ஒரு பலகை மேஜை, சுவரில் ஓரம் ரசம் போன கண்ணாடி. கோயில் வாசலில் பூ விற்பவர்களிடம் "தையல்கார பாய்" என்று கேட்டால் கை காட்டுவார்கள். தெருப்பெயர் எழுதாததற்குக் காரணம், பாய்க்கு இப்போதே கைக்கு மேல் வேலை இருக்கிறது. தேடி வருகிறவர்கள் வரட்டும் என்பது அவர் எண்ணம், அதை மீற எனக்கு மனசில்லை.

நான் லைங் தாயாவில் ஒரு கார்மெண்ட் ஃபேக்டரியில் கியூசி, தைத்து வரும் துணியின் தரம் பார்க்கிற வேலை. சீனாவிலிருந்து துணி வரும், இங்கே வெட்டித் தைத்துப் பெட்டி போட்டு அனுப்புவோம். சிஎம்பி என்பார்கள் அந்த முறையை. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான காலர் என் விரலுக்கடியில் போகும். ஒரு இஞ்சுக்கு எத்தனை தையல் என்று எண்ணிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது, பஸ்ஸில் முன்னால் நிற்பவர் சட்டையில்கூட எண்ணுவேன். அதனால் ஒரு தையற்காரரைப் பற்றி நான் எழுதுவது வெறும் ரசிகனாக இல்லை.

இந்த ஊரில் டிசைனர் துணி ஆசையுள்ள பையன்களுக்கு வழி குறைவு. பாங்காக் போகிறவர்களிடம் சொல்லி அனுப்பலாம், ஆனால் அளவு தெரியாமல் வாங்கி வருவார்கள். போனில் படம் பார்த்து வாங்கலாம். நான் அப்படி ஒரு ஸ்வெட்ஷர்ட் வாங்கி, ஒரு துவைப்பில் கழுத்துப்பட்டை அலை அலையாகப் போய், விற்றவர் என் நம்பரையே தடுத்துவிட்டார். மிச்சம் இருப்பது ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான் கடைகள். தட்டு, கரண்டி, நாற்காலியோடு துணியும் வரும். சனிக்கிழமை காலையில் போனால் கம்பியில் இருநூறு கோட் தொங்கும். அதில் நூற்றுத் தொண்ணூறு ஆபீஸ் கோட்டு. மீதிப் பத்துக்காகத்தான் போகிறோம்.

போன ஜூலையில் அந்தப் பத்தில் ஒன்று கிடைத்தது. கறுப்பு கேபர்டின், அதாவது சாய்வரி விழ நெய்த துணி, மூன்று பட்டன், முதுகில் பாதிக்கு மேல் லைனிங் இல்லை. உள்ளே சின்ன வெள்ளை லேபிள்: கோம் தெ கார்சோன் ஓம். சலவைக்குறிப்பு லேபிளில் ஏடி 1999. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், இந்த ஜப்பான் டிசைனர் கம்பெனி தன் துணியில் தயாரித்த வருஷத்தை இப்படித்தான் அச்சிடும், அதைப் பார்த்து வயசு சொல்லலாம். நெஞ்சில் கண் வைத்த சிவப்பு இதயம் போட்ட டீ-ஷர்ட் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அது இவர்களுடைய பிளே வரிசை. ஓம் என்பது ஆண்களுக்கான வரிசை, 1978-லேயே வந்தது. விலை 35,000 கியாட் என்றார்கள். பேரம் பேசவே இல்லை, கை நடுங்கியது.

வீட்டில் போட்டுப் பார்த்தேன். தோள் அச்சாக உட்கார்ந்தது. கை மட்டும் பெருவிரல் மூட்டு வரை வந்தது.

முதலில் ஒரு மாலில் இருக்கும் ஆல்டரேஷன் கவுண்டருக்குக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். இரண்டு வருஷம் முன்னால் அங்கே வேறொரு கோட்டைக் கொடுத்திருந்தேன். இடுப்பைப் பிடிக்கச் சொன்னேன், பிடித்தார்கள். பிடித்த கையோடு உள்ளே இருந்த கூடுதல் துணியை ஓவர்லாக்கில் சீவித் தள்ளிவிட்டார்கள். அடுத்த வருஷம் நான் கொஞ்சம் சதை போட்டதும் அந்தக் கோட்டைப் பிரித்து விட வழியில்லாமல் போனது. துணியில் விடும் உள்மடிப்பு அதைப் போடுகிறவனின் வருங்காலத்துக்கு விட்ட இடம். அதை வெட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். இன்னும் எனக்கு ஆறவில்லை.

அம்மாதான் பாயைச் சொன்னாள். அவளுடைய ரவிக்கைக்கு அல்ல, அப்பாவின் தைப்பொன்னுக்கு. லுங்கிக்கு மேல் பர்மாக்காரர்கள் விசேஷத்துக்குப் போடும் காலரில்லாத சட்டைக்கோட்டை பாய் முப்பது வருஷமாகத் தைக்கிறார். வயசு அறுபதுக்கு மேல் இருக்கும். இவருடைய அப்பாவும் இதே படிக்கடியில்தான் தைத்தாராம். "64-ல பெரியத்தாவெல்லாம் கப்பலேறிட்டாக. அத்தா மட்டும் மெஷினத் தூக்கிட்டு எங்க போறதுன்னு இருந்துட்டாக" என்றார், நூல் கோத்துக்கொண்டே. அன்றைக்குக் கடைகளெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது படிக்கடியில் இருந்த மெஷினை யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. பாய் இன்றும் ஷ்வே பொந்தா தெருவை மொகல் தெரு என்றுதான் சொல்வார். வழி கேட்கும்போது கவனமாக இருங்கள்.

கோட்டைக் கொடுத்ததும் அவர் போட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. மேஜையில் விரித்து, பட்டன் காஜாவுக்குக் கீழே முன்பக்கத் துணியை இரண்டு விரலால் கிள்ளித் தேய்த்தார். மேல்துணி ஒரு விரலில், உள்துணி ஒரு விரலில், நடுவே மூன்றாவதாக ஒன்று தனியாக நழுவுகிறதா என்று பார்க்கிற சோதனை அது. நழுவினால் உள்ளே கேன்வாஸ் தைத்திருக்கிறது, நழுவாவிட்டால் பசை போட்டு ஒட்டியிருக்கிறது. நம் ஊர் மழைக்காலப் புழுக்கத்தில் பசை ஒட்டிய கோட் சில வருஷத்தில் கொப்புளம் விடும். "நழுவுது" என்றார். அப்புறம்தான் "போடுங்க தம்பி."

அளவெடுக்கும்போது கையைத் தொங்கவிடச் சொல்லிவிட்டு வேறு பேச்சுப் பேசினார். எங்கே வேலை, சம்பளம் மாசமா வாரமா, கல்யாணம் எப்போது. நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது சாக்பீஸால் இரண்டு கோடு போட்டுவிட்டார். "அளவெடுக்கிறோம்னு தெரிஞ்சா எல்லாரும் தோளத் தூக்கிக்கிறாங்க" என்றார். இடது கை 2 சென்டிமீட்டர், வலது கை ஒன்றரை. என் வலது தோள் சரிந்திருப்பது இருபத்தாறு வருஷம் கழித்து அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்து அவர் சொன்னதுதான் என்னை அந்தக் கடையோடு கட்டிப்போட்டது. மணிக்கட்டில் மடித்துக் குறைக்க மாட்டேன் என்றார். அந்தக் கையில் காஜா நிஜமாக வெட்டியது, பட்டன் திறந்து மூடும். கீழே 2 சென்டிமீட்டர் மடித்தால் முதல் பட்டன் விளிம்பில் போய் முட்டும். "தோள்ல கழட்டி மேலேருந்து எறக்கணும்." கேட்ட எனக்குப் பக்கென்றது. கையை முழுசாகப் பிரித்து, உச்சியை மறுபடி வெட்டி, திரும்ப ஏற்றுவது என்பது எங்கள் ஃபேக்டரியில் யாரும் பழைய கோட்டில் செய்யத் துணியாத வேலை.

"இடுப்பையும் கொஞ்சம் புடிச்சிடுங்க பாய்" என்றும் கேட்டேன். அவர் கோட்டை என் மேலேயே விட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்து பார்த்தார்.

"இது இடுப்புல ஒட்டணும்னு வெட்டுனது இல்ல தம்பி. தோள்லேருந்து தொங்கணும்னு வெட்டுனது. லுங்கிக்கு மேல போடுவீங்களா?"

"போடுவேன் பாய்."

"அப்ப தொடவே கூடாது. தைப்பொன் ஏன் நேரா எறங்குது? முன்னாடி முடிச்சு உக்கார எடம் வேணுமில்ல."

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது புரியக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கைலியை நீங்கள் பக்கவாட்டில் மடித்துச் செருகுவீர்கள். இங்கே ஆண்கள் தொப்புளுக்கு நேராக ஒரு முடிச்சுப் போட்டு நிறுத்துவோம், அது கைப்பிடி அளவுக்குப் புடைத்து நிற்கும். இடுப்புப் பிடித்த கோட்டை அதன் மேல் மாட்டினால் கீழ்ப்பட்டன் முடிச்சில் மோதி வயிறு தள்ளியதுபோல் தெரியும். டோக்கியோவில் பெட்டிபோல் வெட்டிய ஒரு கோட் ரங்கூன் முடிச்சுக்குப் பொருந்துகிறது என்பதை இதற்கு முன் நான் யோசித்ததே இல்லை.

பத்து நாள் என்றார். பதினேழு நாள் ஆனது. கரண்ட் இல்லாத நாளிலும் மிதி மெஷின் ஓடும், தேய்ப்பது கரி இஸ்திரிப்பெட்டியில்தான், அதனால் மின்சாரத்தைக் குறை சொல்ல முடியாது. தாமதத்துக்குக் காரணம் அந்தக் கால் அடி ஜன்னல் வெளிச்சம். கறுப்புத் துணியில் கறுப்பு நூலைக் காலை எட்டரைக்கும் பதினொன்றுக்கும் நடுவே மட்டும்தான் எடுப்பேன் என்கிறார். அவசரமாக வேண்டுமென்றால் வெள்ளைச் சட்டை கொடுங்கள்.

நடுவில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கையின் உச்சி எப்போதும் தோள்துளையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும், அந்தக் கூடுதல்தான் தோளுக்கு உருண்டை தருகிறது. உச்சி ஓரத்தில் இரண்டு வரிசை நூலோட்டி, மெல்ல இழுத்து, துணி அங்கங்கே எறும்பு ஊர்வதுபோல் சுருங்கியதும் நனைத்த மல் துணியை மேலே போட்டு இஸ்திரியை வைத்தார். தேய்க்கவில்லை. வைத்தார், எடுத்தார். ஆவி போனதும் பார்த்தால் சுருக்கம் ஒன்றுகூட இல்லை, துணியே அந்த உருண்டையாக மாறியிருந்தது. "கம்பளி சொன்னாக் கேக்கும், பாலியஸ்டர் கேக்காது" என்றார். பழைய தையல் இருந்த இடத்தில் ஊசித்துளைகள் வரிசையாகத் தெரிந்தன. ஈரத்துணியை வைத்து நகத்தின் பின்பக்கத்தால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினார், கேபர்டினின் சாய்வரிகள் திரும்பக் கூடிக்கொண்டன. எங்கள் லைனில் இதைக் காட்ட ஆசையாக இருந்தது.

கையை ஏற்றியதும் கைத்தையல்தான். எண்ணினேன், இஞ்சுக்கு 14. எங்களுக்கு வரும் ஆர்டரில் மெஷினுக்கே 10, 12 கேட்பார்கள்.

அப்போதுதான் கேட்டார், இது யார் கம்பெனி என்று. ரெய் கவாகுபோ என்று ஒரு ஜப்பான் அம்மா, 1969-ல் ஆரம்பித்தார், தையல் படித்தவர் இல்லை, கலையும் இலக்கியமும் படித்தவர் என்றேன். வெட்டுகிறவர்களிடம் ஒரு தடவை கசக்கிய காகிதத்தைக் கொடுத்து இந்த மாதிரி வேண்டும் என்று சொன்னாராம் என்றும் சொன்னேன். பாய் ஊசியை நிறுத்திவிட்டார்.

"அந்தக் காயிதத்தப் பாத்து வெட்டுனவன் பேரு இதுல இருக்கா?"

இல்லை என்றேன். கோட்டை ஒரு தடவை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பத் தைக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு எனக்கும் அந்த லேபிளைவிட அக்குளுக்கடியில் இருக்கும் வளைவுதான் அடிக்கடி கண்ணில் படுகிறது.

கூலி 18,000 கியாட். கோட்டின் விலையில் பாதிக்கு மேல். கொடுக்கும்போது கை கூசவில்லை.

இதே கையோடு ஒரு லினன் பேண்ட்டும் நீளம் இறக்கக் கொடுத்தேன். சுத்தமாக வந்தது, சொல்ல வேறொன்றும் இல்லை.

போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை உண்டு. ஜீன்ஸுக்கு இவரிடம் போகாதீர்கள். செல்வெட்ஜ், அதாவது ஓரம் கட்டி நெய்த டெனிமின் கால்மடிப்பில் சங்கிலித்தையல் வேண்டும், அப்போதுதான் வெளுக்க வெளுக்க ஓரம் கயிறு முறுக்கிய மாதிரி வரும். இவரிடம் அந்த மெஷின் இல்லை, "இல்லாததச் செய்றேன்னு வாங்க மாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். பின்னல் துணி, டீ-ஷர்ட் எதுவும் எடுக்க மாட்டார். முழுக் கண்ணாடி இல்லாததால் பேண்ட்டின் விழுப்பைப் பார்க்க உங்களோடு ஒரு நண்பனைக் கூட்டிப் போவது நல்லது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனால் இரண்டு மணிக்குத்தான் திரும்புவார். போன் எடுக்க மாட்டார். ரசீது என்பது துணியில் குத்திய ஒரு எண், அதன் ஜோடியை உங்கள் கையில் தருவார், தொலைத்துவிட்டால் அளவு சொல்லி நிரூபிக்க வேண்டும்.

மாமா மகள் கல்யாணத்துக்கு நவம்பரில் அந்தக் கோட்டைப் போட்டேன். கீழே பச்சையும் ஊதாவும் கலந்த கச்சின் கட்டம் லுங்கி, வெள்ளைச் சட்டை, தோல் செருப்பு. முடிச்சு கோட்டுக்குள் ஒளிந்து உட்கார்ந்தது. கை மணிக்கட்டு எலும்பில் நின்றது, அதற்குக் கீழே அரை இஞ்சு வெள்ளை. சித்தப்பா இரண்டு பேர் வந்து எங்கே தைத்தது என்று கேட்டார்கள்.

கோட் வாங்க வந்த அன்று பாய் ஒரு செய்தித்தாள் பொட்டலமும் கொடுத்தார். இரண்டு கையின் உச்சியிலிருந்தும் வெட்டியெடுத்த துண்டுகள், பிறை வடிவில் இரண்டு, ஒன்று சற்றுத் தடிமன். "எறிஞ்சிடாதீங்க. பின்னாடி பூச்சி அரிச்சா ஒட்டுப் போட இதே துணி எங்க கெடைக்கும்?" பொட்டலம் இப்போது அலமாரியில், வேப்பிலைக்கு நடுவில் இருக்கிறது.