சங்கச் சந்தா, மாதம் 50 ரூபாய்: பதினோரு வருடம் கட்டியவனின் விமர்சனம்

மிக்ஸிக்கு எழுதுகிறார்கள், பிரியாணிக் கடைக்கு எழுதுகிறார்கள். நான் பதினோரு வருடமாக மாதம் தவறாமல் காசு கட்டி வரும் ஒரே சேவை எங்கள் தொழிற்சங்கம்தான். கேபிள் டிவியைக்கூட நடுவில் நிறுத்திவிட்டேன். சரி, இதற்கும் ஒன்று எழுதலாம்.

எனக்கு ஊர் ஆரம்பாக்கம். ரயிலில் அடுத்த ஸ்டேஷன் தடா, அதாவது ஆந்திரா. வேலை எதிர்ப்பக்கம், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், லாரி பிரேக் டிரம் கடையும் ஆலையில். நிரந்தரம் 160 பேர். காண்ட்ராக்ட் அதைவிட அதிகம். பாதிப் பேர் சூளூர்பேட்டை, சத்தியவேடு பக்கத்துப் பையன்கள்.

ஆர்டர் குவிந்து கிடக்கும் காலத்தில் சங்கம் எதற்கு என்றே தோன்றும். கேட்காமலே ஓ.டி. வரும், தீபாவளிக்கு ஸ்வீட் பெட்டி வரும். 2019இல் லாரி விற்பனை படுத்தது. அந்தச் செப்டம்பரில் எண்ணூர் அசோக் லேலண்ட் லாரி ஆலையிலேயே 16 நாள் வேலையில்லா நாள் என்று அறிவித்தார்கள். லாரியே இல்லாதபோது டிரம் யாருக்கு?

எங்கள் நிர்வாகம் 'லே-ஆஃப்' (வேலை இல்லாததால் ஆளைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது) என்ற வார்த்தையை வாயில் எடுக்கவே இல்லை. எடுத்தால், அன்றைய சட்டப்படி 100 பேருக்கு மேல் உள்ள ஆலை என்பதால் அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி கொடுக்க வேண்டும். அதனால் சூப்பர்வைசர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "இருக்கிற லீவை எழுதிக் குடுத்துடுங்க, லீவு இல்லாதவங்களுக்குச் சம்பளம் கட்" என்றார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன். பக்கத்து மெஷின் அண்ணன்தான், "சங்கத்துல கேட்டுட்டுப் போடுடா" என்றார். மூன்று பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் நிறுத்திய 12 நாளுக்கு முக்கால் சம்பளம், யாருடைய லீவிலும் கை வைக்கக் கூடாது, நாலு ஞாயிறு வந்து ஈடுகட்ட வேண்டும் என்று முடிந்தது. நான் அதுவரை கட்டிய சந்தா அந்த ஒரு மாதத்தில் திரும்பி வந்துவிட்டது.

இன்னொன்றும் அந்த வருடம்தான் கவனித்தேன்: ஆர்டர் குறைந்தால் மெமோ கூடும். ஆளைக் குறைக்கச் செலவில்லாத வழி அது. எனக்கும் ஒன்று வந்தது. மெஷின் கதவு திறந்தால் தானாக நிற்க வேண்டும். அதைக் கம்பி போட்டு ஏமாற்றி வைத்திருந்தார்கள். ஓட்டமாட்டேன் என்றேன். 'உற்பத்திக்கு இடையூறு', 48 மணி நேரத்தில் விளக்கம் தரவும்.

சங்க ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில். நான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதிய மூன்று பக்கத்தைச் சங்க நிர்வாகித் தோழர் படித்தார். மடித்து டீ கிளாசுக்கு அடியில் வைத்தார். வேறு தாள் எடுத்து ஐந்தே வரி எழுதினார்: தேதி, ஷிஃப்ட், மெஷின் நம்பர், கம்பியைப் பற்றி யாரிடம் சொன்னேன், எத்தனை மணிக்குச் சொன்னேன். "கோபத்தை வீட்டுல வெச்சுட்டு வா தம்பி. பேப்பர்ல நேரத்தைப் போடு." அந்த மெமோ அதோடு கிணற்றில் போட்ட கல். மறுவாரம் கம்பியும் கழன்றது.

குறைகள்? நிறைய. போனை எடுக்கமாட்டார்கள். ரசீதை இரண்டு முறை கேட்டால்தான் தருவார்கள். மாநாடு என்றால் ஃப்ளெக்ஸுக்குத் தனி வசூல். இதையெல்லாம் நான் பெரிதாக எடுக்கவில்லை. பொறுக்க முடியாதது காண்ட்ராக்ட் விஷயம். நான் ஏற்றும் டிரம்மைத்தான் அந்தப் பக்கம் காண்ட்ராக்ட் பையன் இறக்குகிறான். அதே நாற்பது கிலோ. 2019இல் எங்களுக்கு மூன்று சுற்றுப் பேச்சு நடந்தபோது, அவர்களுக்குக் காலையில் கேட்டில் கார்டு வேலை செய்யவில்லை. அவ்வளவுதான்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் கார் கம்பெனிகளிலும் இப்படி ஒன்று நடந்தது. புதிதாக வருபவர்களுக்குக் குறைந்த கூலி என்று 2007இல் சங்கமே ஒப்புக்கொண்டது. 2009இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலானபோது பஞ்சப்படியையும் விட்டுக்கொடுத்தது. 2023இல் ஆறு வாரம் வேலைநிறுத்தம் செய்து படியைத் திரும்ப வாங்கினார்கள். புதியவர் உச்சக் கூலியை எட்டும் காலத்தை 8 வருடத்திலிருந்து 3 ஆகக் குறைத்தார்கள். ஒரே லைனில் இரண்டு கூலி என்று ஒத்துக்கொள்ள ஒரு கையெழுத்து போதும். அதைச் சரிக்கட்ட அவர்களுக்குப் பதினாறு வருடம்.

போன மாதம் சூளூர்பேட்டைப் பையன் ஒருவன் கேட்டான். "அன்னா, நானும் அம்பது கட்டறேன். எனக்கு ஒரு ரசீது போடச் சொல்லு." ஆபீசில் சொன்னேன். "விதியில இடமில்லையே" என்றார் தோழர். விதியைத் திருத்தலாமே என்றேன். டீ சொன்னார்.

2025 நவம்பர் 21இலிருந்து புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. 300 பேருக்குக் கீழ் என்றால் லே-ஆஃப் செய்ய அரசின் முன் அனுமதியே வேண்டாம். எங்கள் 160 என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காண்ட்ராக்ட் பையன்களையும் சேர்த்து நின்றால் நிர்வாகம் பேச உட்காரும் விதமே வேறு.

ஐந்துக்கு மூன்றரை. ரசீது போட்டுக் கொடுத்த அன்றைக்கு மீதி ஒன்றரையையும் போட்டுவிடுகிறேன். போகிறவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் போங்கள். மாடிப்படியில் லைட் இல்லை, மூன்றாவது படி உடைந்திருக்கிறது.