குடல் ஆபரேஷன்: கீறல் தொப்புள்லயா, அடிவயித்துலயா?

லேப்ராஸ்கோப்பின்னா (சின்ன ஓட்டை வழியா கேமரா விட்டு செய்யற ஆபரேஷன்) நாலு ஓட்டையோட முடிஞ்சிடும்னு தான் நானும் நெனச்சேன். ஆனா வெட்டின குடல வெளிய எடுக்க எப்படியும் அஞ்சாறு செ.மீ. கீறல் ஒண்ணு வேணும், பின்னாடி ஹெர்னியா (வயித்துச் சுவர் விட்ட இடம் வழியா உள்ள இருக்கறது வெளிய புடைக்கறது) வர்றது பெரும்பாலும் அதுல தான். அத தொப்புள ஒட்டி நெட்டுவாக்குல போடலாம், இல்ல சிசேரியனுக்கு போடுவாங்களே அந்த மாதிரி அடிவயித்துல குறுக்க போடலாம். எனக்கு வெட்டினது இடது பக்க சிக்மாய்டு குடல் (பெருங்குடலோட கடைசிப் பக்கத்து வளைவு), டாக்டர் ரெண்டயும் சொன்னாரு, நான் அடிவயித்துக்கே தலையாட்டினேன்.

தழும்பு மறைஞ்சிடும்ங்கறதெல்லாம் சரி, நான் பாத்தது ஹெர்னியாவ மட்டும் தான். எங்க மாமாவுக்கு இதே ஆபரேஷன், தொப்புள் கீறல், ஒன்றரை வருஷம் கழிச்சு 20 லிட்டர் தண்ணி கேன தூக்கி கவுத்தாரு, சாயங்காலம் பாத்தா தொப்புள் பக்கத்துல எலுமிச்சம்பழம் சைஸுக்கு புடைப்பு, படுத்தா உள்ள போகுது எழுந்தா வெளிய வருது. எல்லாரும் கேன் மேல பழிய போட்டாங்க, உள்ள தச்ச இடம் எப்பவோ விட்டிருக்கும். அப்புறம் மெஷ் (வலை) வெச்சு இன்னொரு ஆபரேஷன், பெல்ட்டு, மறுபடி லீவு.

வயித்து நடுக்கோட்டுல தசையே கிடையாது, ரெண்டு பக்கத்து தசை உறையும் வந்து சேர்ற நார்ப்பட்டை தான், ரத்த ஓட்டமும் கம்மி. இருமினா முக்கினா பக்கவாட்டு தசைங்க அத ரெண்டு பக்கமும் இழுக்கும், நெட்டுத் தையல் பிளக்கப் பாக்கும். குறுக்கு கீறல்ல அந்த இழுப்பு கீறலோட போக்குலயே போயிடுது, உள்ள இருக்க தசையயும் வெட்டாம விலக்கித் தான் போறாங்க. ஆய்வுகள சேத்துப் பாத்தா நடுக்கீறல்ல சுமார் 10 பேர்ல ஒருத்தருக்கு ஹெர்னியா, அடிவயித்துல 100-க்கு ஒண்ணு ரெண்டு தான்.

வலது பக்க குடல்னா கதை வேற. குடல வெளிய இழுத்து தைக்கறதுக்கு தொப்புள் தான் கிட்ட, அடிவயிறு வேணும்னா உள்ளயே தச்சு இணைக்கணும், அதுக்கு கை பழகின டாக்டர் வேணும், நேரமும் கூட. நடுக்கீறல் தான்னு ஆச்சுன்னா தையல் எப்படின்னாவது கேளுங்க, 2015-ல வந்த நெதர்லாந்து ஆய்வுல (அது வயித்த நீளமா திறந்து செய்யற ஓபன் ஆபரேஷனுக்கு) அரை செ.மீ. இடைவெளில நெருக்கி தச்சவங்களுக்கு ஒரு வருஷத்துல ஹெர்னியா 13 சதவீதம், 1 செ.மீ. விட்டு தச்சவங்களுக்கு 21.

எனக்கு 14 மாசம் ஆச்சு, புடைப்பு எதுவும் இல்ல, ஆனா மூணாம் வருஷம் கூட ஹெர்னியா வரும்ங்கறதால தப்பிச்சிட்டேன்னு சொல்ல மாட்டேன். தழும்புக்கு மேல ரெண்டு விரல் அகலம் இன்னும் மரத்துப் போய் தான் இருக்கு. தண்ணி கேன பையன் தான் தூக்குறான்.