டர்பன் மீன்குழம்புக்கு எந்த ஷெனின்?

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ விருந்துக்கு வெள்ளை ஒயின் வாங்கப் போகிறவர் கண்ணில் அதிகம் படுவது ஷெனின் பிளாங். தென்னாப்பிரிக்காவில் வேறெந்த ஒயின் திராட்சையையும்விட இதுதான் அதிக நிலத்தில் நிற்கிறது; எல்லா விலையிலும் கிடைக்கிறது. ஆனால் அந்தப் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. பச்சை ஆப்பிள் மணத்தோடு லேசாக இறங்குவதும் ஷெனின். பொன்னிறத்தில் ஓக் மரப்பீப்பாய் வாசத்தோடு கனத்து நிற்பதும் ஷெனின்தான். புளி கரைத்த மீன்குழம்போடு முதலாவது சேரும். இரண்டாவது குழம்பையும் கெடுக்கும், தானும் கெடும்.

இதன் சொந்த ஊர் பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கு. தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கே உள்ள கேப் பகுதியில் பல தலைமுறைகளாக இதை 'ஸ்டீன்' என்றே அழைத்தார்கள். ஸ்டீனும் ஷெனினும் ஒன்றே என்பதை 1960களில் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஓர்ஃபர் இலைகளை ஒப்பிட்டு உறுதி செய்தார். 1959இல் வந்த லீபர்ஸ்டைன் என்ற இளம் இனிப்பு ஒயின் பெரும்பாலும் இந்தத் திராட்சையால்தான் ஓடியது. பிராந்திக்கும் இதையே காய்ச்சினார்கள். அதனால் மலிவான சரக்கு என்ற பெயர் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டது. இன்று அது நியாயமே இல்லாத பெயர்.

இந்தத் திராட்சையின் பெரிய பலம் புளிப்பு. வெயில் கொளுத்தும் இடத்தில் பழுத்தாலும் புளிப்பை விடாது. பலவீனம், ஒரே கொத்தில் பச்சைக்காயும் பழமும் சேர்ந்து நிற்பது. ஒரே மூச்சில் அறுத்தால் ஒயினில் பச்சை நெடி வரும். கவனமான தோட்டக்காரர்கள் இரண்டு மூன்று தடவையாக அறுக்கிறார்கள். கொத்து நெருக்கமாக இருப்பதால் மழை பெய்தால் உள்ளே அழுகல் பிடிக்கும். தண்ணீரும் உரமும் தாராளமாகக் கிடைத்தால் காய்ப்பு எக்கச்சக்கம், சுவை நீர்த்துப்போகும். கடையில் 'ஒன்றுமில்லாத' ஷெனின் கிடைப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இப்போது ஊர்கள். எங்கள் முதல் தேர்வு ஸ்வார்ட்லாண்ட். கேப் டவுனுக்கு வடக்கே, காய்ந்த கோதுமை நாடு. பார்டெபெர்க் மலையைச் சுற்றிக் கருங்கல் மண், ரீபேக் பக்கம் பலகைக்கல் மண். பாசனம் இல்லாமல், கம்பி கட்டாமல், புதராக நிற்கும் பழைய கொடிகள் பல இங்கே உண்டு. வேர் ஆழம், காய்ப்பு குறைவு. கோப்பையில் வருவது மஞ்சள் ஆப்பிள், சீமை மாதுளை, வைக்கோல் மணம், கடைசியில் லேசான உப்புக்கரிப்பு. நாக்கில் ஒரு பிடிப்பு இருக்கும். மசாலாவுக்கு எதிரே நிற்க அந்தப் பிடிப்புத்தான் வேண்டும். பாடன்ஹார்ஸ்டின் 'செகட்டர்ஸ்' இந்த ஊர்ச் சுவையைத் தெரிந்துகொள்ள நல்ல முதல் பாட்டில். புது ஓக்கின் மரவாசனை இல்லாமல் பழத்தையே முன்னால் வைக்கிறது.

ஸ்டெல்லன்போஷ் ஷெனினுக்கு உடம்பு, அதாவது வாயில் உணரும் கனம், அதிகம். ஃபால்ஸ் பே கடற்காற்று வெயிலைத் தணிப்பதால் பழம் நன்றாகப் பழுத்தும் புளிப்பு குலையாமல் இருக்கிறது: பீச், அன்னாசி, தேன். பீப்பாயில் புளிக்கவைப்பவர்களும் இங்கே நிறையப் பேர். கென் ஃபாரஸ்டரின் 'எஃப்எம்சி' அந்த வகையின் உச்சம்: செறிவு, பீப்பாய் மணம், நுனியில் மெல்லிய இனிப்பு. அருமையான ஒயின், ஆனால் மிளகாய்த்தூள் தூக்கலான கறிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். ஓக்கின் கசப்பும் ஆல்கஹாலும் காரத்தை இன்னும் எரியவைக்கும். பருப்பு சேர்த்த டர்பன் பிரியாணி, வெண்ணெயில் வாட்டிய இறால் போன்றவற்றோடு இது அழகாகப் போகும்.

ப்ரீடெக்ளூஃப் பாசன நாடு. அன்றாடம் குடிக்கும் மலிவான, புத்தம்புது ஷெனினில் நிறைய இங்கிருந்து வருகிறது; வாங்கிய வருடமே குடித்துவிடுங்கள். சிட்ரஸ்டால் மலைப்பக்கத்து மணற்கல் மேட்டுக் கொடிகள் வேறு ரகம்: மெலிந்த, கூர்மையான, எலுமிச்சைத்தோல் மணம். விலை அதிகம், கிடைப்பது குறைவு.

மீன்குழம்புக்கு வருவோம். புளியும் தக்காளியும் சேர்ந்த குழம்பைவிட ஒயினில் புளிப்பு குறைந்தால் ஒயின் தட்டையாகிவிடும். எனவே ஓக் படாத ஸ்வார்ட்லாண்ட் ஷெனின், ஆல்கஹால் 13 சதவீதத்தை ஒட்டி. காரம் மிகுந்த ஆட்டுக்கறி பன்னி சௌ (நடுவைத் தோண்டிக் கறி நிரப்பிய ரொட்டி) என்றால் கொஞ்சம் சர்க்கரை மிஞ்சிய பாட்டில் தேடுங்கள். இனிப்பு எரிச்சலை அடக்கும். இந்த நாட்டுச் சட்டப்படி லிட்டருக்கு 5 கிராம் வரை சர்க்கரை இருந்தால் 'டிரை', அதற்கு மேல் 12 வரை 'செமி டிரை'. முன் லேபிளில் இந்த எண் பெரும்பாலும் இருக்காது. தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த வருடத்துக்கான தகவல் தாளில் சர்க்கரை, அமிலம் இரண்டும் இருக்கும். லிட்டருக்கு 6 கிராமுக்கு மேல் அமிலம் இருந்தால் குழம்புக்குத் தைரியமாக வாங்கலாம்.

லேபிளில் ஊர்ப் பெயரைப் பாருங்கள். 'வெஸ்டர்ன் கேப்' என்று மட்டும் இருந்தால் பல இடத்துத் திராட்சை கலந்திருக்கலாம். ஸ்வார்ட்லாண்ட் என்றிருந்தால் திராட்சை முழுவதும் அங்கிருந்தே வரவேண்டும். திராட்சையின் பெயருக்குச் சட்டம் கேட்பது 85 சதவீதம். 35 வயதைத் தாண்டிய தோட்டத்து ஒயினில், கொடி நட்ட வருடம் அச்சிட்ட 'ஓல்ட் வைன் புராஜெக்ட்' முத்திரை கழுத்தில் ஒட்டியிருக்கலாம். அந்த முத்திரைக்காகக் கொஞ்சம் கூடுதல் காசு கொடுப்பது தகும் என்பது எங்கள் கருத்து. அந்தக் காசு இல்லாவிட்டால் பழைய கொடிகளைப் பிடுங்கிவிடுவார்கள்.

ஃபிரிட்ஜிலிருந்து நேராக ஊற்றினால் மணம் எழாது. ஓக் இல்லாததை 8 முதல் 10 டிகிரியில், அதாவது வெளியே எடுத்துப் பத்து நிமிடம் கழித்து ஊற்றுங்கள். பீப்பாய் ஒயினுக்கு 12 டிகிரி; அரைமணி நேரம் வெளியே வைக்கலாம். டர்பன் கோடையில் இந்த நேரங்களைப் பாதியாகக் குறையுங்கள். இளம் ஷெனினில் அழுகிய ஆப்பிள் வாசனை வந்தால் காற்றுப் பட்டுக் கெட்டது. நனைந்த அட்டை வாசனை என்றால் தக்கைக் கோளாறு. இரண்டையும் கடையில் திருப்பிக் கொடுக்கக் கூச்சப்பட வேண்டாம். திறந்த பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும்.